ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம்

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிற ஆள் கள்ளக்குறிச்சி தாலுகாவிலேயே சுப்புராயன் ஒருவன்தான். பெண் கேட்டுப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டுகிறார் என்றார்கள். "அதத்தான் நாங்களும் ஓட்றோம். வேலை இன்னா, அதச் சொல்லுங்க" என்றார் தங்கமணியின் அப்பா. ரேஸ் சைக்கிள் என்று விளக்கியும் அவருக்கு ஏறவில்லை. வாங்கிய கப்புகளை வரிசையாக எடுத்துக் காட்டியும் ஏறவில்லை. கடைசியில் அவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய் ராஜாங்கம் சைக்கிள் மார்ட்டின் சுவரைக் காட்டின பிறகுதான் தாம்பூலம் மாற்றினார்.

அந்தச் சுவர்தான் சுப்புராயனுக்குச் சோறு போட்டது. அந்தச் சுவர்தான் அவன் கழுத்தில் கல்லையும் கட்டியது. ஆள் உயரத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது: 'கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை. ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். சாதனை வீரர் கே. சுப்புராயன். 1978.' பொங்கலுக்குப் பொங்கல், அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற கடைக்காரர் ராஜாங்கம் அந்த எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் பூசுவார். எழுத்து வருஷா வருஷம் பளபளத்தது. ஆள்தான் மங்கிக்கொண்டே போகிறான் என்று ஊர் சொன்னது.

காந்தி ஜெயந்தி ரேஸ் அந்த வருஷம்தான் முதன்முதலாக நடந்தது. அப்போது எவனிடம் கார் இருந்தது, கூடவே வந்து மணி பார்க்க? அரிசி ஆலைச் சங்கு காலை ஆறுக்கு ஊதும். ஊருக்கே அதுதான் வேதவாக்கு. சங்கு ஊதியதும் ஆலை வாசலிலிருந்து கிளம்ப வேண்டியது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தொட்டு, மலை ஏறி, வெள்ளிமலையில் பெரியண்ணன் டீக்கடை வாசலில் முடிக்க வேண்டியது. பெரியண்ணன் மலைக்காரர். அவர் கடையில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கும்போது தினமும் முள்ளைச் சரி பார்த்து வைப்பார். சுப்புராயன் வந்து விழுந்தபோது அது ஏழு முப்பத்தெட்டு காட்டியது. அவனுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவன் எங்கோ கிடந்தான். அவன் அடுத்த வருஷமே ஊரை விட்டுத் துபாய்க்குப் போய்விட்டான்.

மறுவருஷத்திலிருந்து ஒரு ஜீப்பு கூடவே வந்தது. ஒரே வாட்ச், கிளம்பும்போதும் பார்த்தார்கள், முடிக்கும்போதும் பார்த்தார்கள். சுப்புராயன்தான் ஜெயித்தான். ஆனால் ஒரு மணி ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த வருஷம் ஐம்பத்து மூன்று. பிறகு ஒரு தடவை ஐம்பத்தொன்று. ஜெயித்துக்கொண்டே இருந்தான், ஊரும் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தது. "ஜெயிச்சான், இல்லன்னு சொல்லல. ஆனா பழைய சுப்பு இல்லப்பா." முதல் தடவை அப்படிச் சொன்னபோது அவனுக்கு வயது இருபத்தைந்துதான். இருபத்தைந்து வயதில் ஒருவனைப் பழையவன் ஆக்கிய ஊரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆனாலும் அவனே அதை நம்பினான். அதுதான் கொடுமை. அந்த ஒரு நாள் காலில் இருந்த சக்தி எங்கே போயிற்று என்று அவன் தேடாத இடமில்லை. முட்டை குடித்தான், நாட்டுக்கோழி சூப்பு குடித்தான். யாரோ சொன்னார்கள் என்று வேப்ப எண்ணெயைத் தொடையில் தேய்த்துக்கொண்டு படுத்தான். தங்கமணி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போய்ப் படுத்தாள். சீட்டை உயர்த்திப் பார்த்தான், தாழ்த்திப் பார்த்தான். பல்சக்கரத்தை மாற்றினான். டயரை மாற்றினான். முப்பத்தெட்டு கிட்டவே வரவில்லை. போன வருஷம் மணலூர்பேட்டையிலிருந்து அறிவுச்செல்வன் என்று ஒரு புதுப் பையன் வந்தான். அரை டயர் வித்தியாசத்தில் சுப்புராயனை முந்திவிட்டுப் போனான். அதோடு கடையில் பேச்சே மாறிவிட்டது.

இந்த வருஷம் செப்டம்பரில் ராஜாங்கம் அவனைக் கூப்பிட்டுக் கல்லாவுக்கு எதிரில் உட்கார வைத்தார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"சுப்பு, காந்தி ஜெயந்திக்கி நம்ம கடை பேரு போட்ட பனியனை அந்த அறிவுக்குக் குடுத்துடலாம்னு பாக்கறன்."

"எதுக்கு முதலாளி?"

"வயசாயிடுச்சிடா. முப்பத்தி மூணு. எத்தினி நாளிக்கிதான் ஓட்டுவ?"

"போன வருசம் காத்து எதிர்க்காத்து முதலாளி. அதுவுமில்லாம அணை கிட்ட ரோட்ட பேத்துப் போட்டிருந்தானுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். ரோடு அவனுக்கும் அதே ரோடுதான?" ராஜாங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. சுப்புராயன் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். "நான் ஒன்னைத் தெருவுல உட மாட்டன். கடையில பஞ்சர் பாக்கற எடத்துல குந்திக்கோ. சாதனை வீரர்னு செவுத்துல பேர் இருக்குது. அது போதும் ஒனக்கு."

பெருங்காயம் தீர்ந்த பிறகு டப்பாவை வைத்துக்கொள்வது போல. சுப்புராயன் எழுந்துவிட்டான். கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஒரே ஒரு வாட்டி பாருங்க. நான் தனியா ஏறிக் காட்றன். முப்பத்தெட்டுக்கு வந்தா பனியன் எனக்கு. வரலன்னா நானே பஞ்சர் ஒட்டறன்."

ராஜாங்கம் சரி என்றார். நாளும் குறித்தார்கள். அந்த நாளுக்குள் மறியல் வந்துவிட்டது.

இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். வட மாவட்டங்களில் ஒரு வண்டி நகரவில்லை. புளிய மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சில இடத்தில் ரோட்டையே வெட்டிவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, நெல் வரத்து இல்லை. நெல் வராமல் அரிசி ஆலை மூடிக் கிடந்தது. ஆலைச் சங்குகூட ஊதவில்லை. சனங்கள் எந்நேரமும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று சேதி வந்தது. ஊர் முகம் இறுகிப்போயிருந்தது.

"இந்த நேரத்துல எப்பிட்றா?" என்றார் ராஜாங்கம்.

"சைக்கிள உடுவானுங்க முதலாளி. லாரியே இல்லாத ரோடு. இதவிட நல்ல நேரம் எப்ப கெடைக்கும்?"

தங்கமணிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "எல்லாரும் ரோட்ல குந்திக்கினு இருக்கறாங்க. நீங்க ரோட்ல ஓடப் போறீங்களா? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். சுப்புராயனும் அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டியவன்தான். அவன் தம்பி உட்கார்ந்திருந்தான். ஆனால் காந்தி ஜெயந்திக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அவனுக்கு இதை விட்டால் வேறு நாளில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் ராஜாங்கம் பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். சங்கு இல்லாததால் மணி என்ன என்ற கவலையே இல்லை. தன் கைக்கடிகாரத்துக்கு முழுசாய்ச் சாவி கொடுத்து, முள்ளை ஆறில் வைத்து, சாவியை அழுத்தி ஓடவிட்டு அவன் கையில் கொடுத்தார்.

"மேல போனதும் பெரியண்ணன் கிட்ட குடு. அவன் சாவிய இழுத்து நிறுத்தித் தருவான். நின்ன முள்ளோட எடுத்துக்கினு வா. கெளம்பு!"

சுப்புராயன் கடிகாரத்தைக் கால்சட்டைப் பையில் போட்டு ஊக்கு குத்திக்கொண்டு கிளம்பினான்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் முதல் மரம் கிடந்தது. அதன் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரியெல்லாம் விழித்த கண்கள்.

"எங்க போற?"

"வெள்ளிமலைக்கி."

"இன்னா சோலி? சாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை. "ரேஸு" என்றான்.

"துப்பாக்கில சுட்டுப் போட்டுக்கினு இருக்கறான், தொரைக்கி ரேஸு கேக்குதா?" என்று ஒரு இளவட்டம் எழுந்து ஹேண்டில் பாரைப் பிடித்தான். சுப்புராயனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் பையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவமானத்துக்காக அது நிற்குமா?

அரிசி ஆலையில் சங்கு ஊதுகிற நாராயணசாமி அந்தக் கூட்டத்தில் இருந்தார். நரைத்த மீசையும் கரகரத்த சிரிப்புமாக இருப்பார். ஆலை மூடியதிலிருந்து அவருக்கு இருப்பு இங்கேதான். "உட்றா டேய். நம்ம சுப்பு. அவன் வண்டியில இன்ஜினா இருக்குது, மறியல் முறிஞ்சி பூட?" என்றவர் மரத்தின் மேல் ஏறி நின்று, சைக்கிளை ஒரு கையால் வாங்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். "போடா, போ. எவன் கூட ரேஸு? ஒருத்தனையும் காணம்!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

ஒருத்தனையும் காணவில்லைதான். கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ஹாரன் இல்லை, லாரிப் புகை இல்லை. கச்சிராயபாளையத்தைத் தாண்டுவதற்குள் இன்னும் சில மரங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு, கிளையை மிதித்துத் தாண்டி, மறுபடி ஏறி மிதித்தான். முள் கிழித்துக் கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. துடைக்க நேரமில்லை. கோமுகி அணை வந்தபோது மூச்சு சீராக இருந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

மலை ஏற்றத்தில் ஒரு வளைவு உண்டு. வருஷா வருஷம் அங்கேதான் அவன் கால் செத்துப்போகும். தொடையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருக்கும். அங்கேதான் போன வருஷம் அறிவுச்செல்வன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்த வளைவு வந்தது. சுப்புராயன் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். கால் சாகவில்லை. வளைவு பின்னால் போய்விட்டது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. சாமை விளைந்த கொல்லைகள் இருபக்கமும் ஓடின. வந்துவிட்டது, பழைய கால் வந்துவிட்டது என்று அவனுக்குள் ஒரு குரல் கத்தியது. அவன் வாய்விட்டே கத்தினான். கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை. ஒன்பது வருஷத்தில் அவன் இவ்வளவு சந்தோஷமாக மிதித்ததில்லை.

பெரியண்ணன் கடை வாசலில் பையிலிருந்து கடிகாரத்தை உருவி நீட்டினான். அவர் வாங்கி, சாவியை இழுத்து நிறுத்தி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏழு நாப்பத்தேழு."

"நல்லா பாருங்க."

"நல்லாத்தான் பாத்தன். ஏழு நாப்பத்தேழு."

சுப்புராயன் பிடுங்கிப் பார்த்தான். நாற்பத்தேழு. ஒன்பது நிமிடம் அதிகம். இந்த வாழ்நாளில் இதற்கு மேல் மிதிக்க முடியாது என்று மிதித்தும் ஒன்பது நிமிடம் அதிகம்! அவன் கடை பெஞ்சில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். பெரியண்ணன் கொடுத்த டீ ஆறிப்போனது.

"மரமெல்லாம் தாண்டி வந்திருக்கிற. அதுக்குக் கொஞ்சம் கழிச்சிக்கச் சொல்லு" என்றார் அவர்.

"கழிச்சா ரெண்டு நிமிசம் கழிப்பாங்க. ஒம்போது நிமிசம் கழிப்பாங்களா?"

இறங்கும்போது மிதிக்க வேலையே இல்லை. அதனால் மனசுக்கு வேலை அதிகமானது. வயசாகிவிட்டது. ராஜாங்கம் சொன்னதுதான் சரி. ஊர் சொன்னதுதான் சரி. இவ்வளவு நல்லா இருக்குது என்று கால் சொன்னதே, அது பொய். தன் கால் தனக்கே பொய் சொல்கிற வயசு வந்துவிட்டது. வேறு எதை நம்புவது?

அணைக்கருகில் இறங்கி நின்றான். கடிகாரத்தை எடுத்தான். சாவி இழுத்தபடியே இருந்தது. விரலால் ஒரு திருகு. முள் ஒன்பது கோடு பின்னால் போகும். எவனுக்குத் தெரியும்? மறியல் முடிந்து பெரியண்ணன் மலையிலிருந்து இறங்குவதற்குள் பனியன் அவன் உடம்பில் இருக்கும். சாவியைத் தொட்டான். திருப்பினால் காந்தி ஜெயந்தியன்று எப்படியும் குட்டு உடைந்துவிடும் என்று தோன்றியது. அதைவிடவும், தன்னையே ஏமாற்றி இன்னொரு வருஷம் வேப்ப எண்ணெய் தேய்க்க அவனுக்குத் தெம்பில்லை. கடிகாரத்தைப் பையில் போட்டு ஊக்கைக் குத்தினான்.

ஊர் எல்லை மரத்தருகே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கைகலப்பு இல்லை, வாய்ச் சண்டைதான். ஒருவன் மணி பத்து என்றான். இன்னொருவன் ரேடியோவைத் தட்டிக் காட்டி, இல்லை, ஒன்பதே முக்கால்தான் என்றான். முதலாமவன் வாட்ச் கட்டிய கையை உயர்த்தி, ரேடியோக்காரன்தான் தப்பு என்று அடித்துச் சொன்னான். நாராயணசாமி நடுவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா அடிச்சிக்கிறீங்க? சங்கு டைமா, ரேடியோ டைமா, அதச் சொல்லுங்க மொதல்ல."

"இன்னாண்ணே சங்கு டைமு?" என்றான் சுப்புராயன், சைக்கிளை மரத்தில் சாய்த்தபடி.

"அட, ஒனக்கும் தெரியாதா? எங்க சங்கு என்னிக்கிடா சரியா ஊதிச்சி? கால் மணி முன்னாடி ஊதுடா நாராயணசாமின்னு பெரிய மொதலாளி சொல்லிட்டுச் செத்தாரு. ஆளுங்க சீக்கிரம் வேலைக்கி வரட்டும்னு. அவரு இருந்தப்பலருந்தே அப்பிடித்தான், நானும் ஊதிக்கினு இருக்கறன். ஊரு பூரா எங்க சங்கக் கேட்டு வாட்ச்சு வெக்குது. பஸ் ஸ்டாண்டு கடிகாரமும் அப்பிடித்தான், சினிமாக் கொட்டாயும் அப்பிடித்தான். இந்த ஒரு வாரமாத்தான் சங்கு இல்ல. மறியல் சேதி கேக்க எல்லாரும் ரேடியோ கிட்ட குந்தினாங்க பாரு, அதான் கள்ளக்குறிச்சிக்கு இப்பதான் சரியான டைமு தெரியிது!"

எல்லாரும் சிரித்தார்கள். சுப்புராயன் சிரிக்கவில்லை.

"எப்பவும் கால் மணியாண்ணே? மின்ன... நான் மொத மொத ஓட்னனே, அந்த காந்தி ஜெயந்தி அன்னிக்கி?"

"காந்தி ஜெயந்தின்னா எங்களுக்கு லீவா உட்டான்? அன்னிக்கும் நான்தான் ஊதினன். கால் மணிதான்."

சுப்புராயனுக்குக் கணக்குப் போடக் கொஞ்ச நேரம் ஆனது. மெதுவாகத்தான் போட்டான். அன்றைக்கு அவன் கிளம்பியது ஆறுக்கு இல்லை, ஐந்தே முக்காலுக்கு. மேலே பெரியண்ணன் கடிகாரம் காட்டியது ரேடியோ மணி. அது பொய் சொல்லாது. அப்படியென்றால் அவன் ஓட்டியது ஒரு மணி முப்பத்தெட்டு இல்லை. ஒரு மணி ஐம்பத்து மூன்று. அடுத்த வருஷம் ஐம்பத்திரண்டு. அவன் மங்கவே இல்லை. ஒரு நிமிடம்கூட மங்கவில்லை. இல்லாத ஒரு ஆளோடு ஒன்பது வருஷமாக ரேஸ் ஓட்டித் தோற்றிருக்கிறான்.

இன்றைக்கு நாற்பத்தேழு. மரங்களைத் தாண்டி நாற்பத்தேழு. அந்த ரோட்டில் அவன் இவ்வளவு வேகமாக என்றைக்குமே ஏறினதில்லை. வேறு எவனும் ஏறினதில்லை. கால் சொன்னது உண்மைதான்.

"இன்னாடா, பேயடிச்சாப்ல நிக்கற?" என்றார் நாராயணசாமி.

"நீ ஊதின ஊதல்ல என் பொழப்பே போச்சிண்ணே" என்றான் சுப்புராயன். ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டியவன் கடைவரைக்கும் நின்றுகொண்டே மிதித்தான்.

ராஜாங்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே எட்டிச் சுவரைப் பார்த்தார். பிறகு ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"இத எவன் கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. ஒங்க கிட்டதான் மொதல்ல."

"நல்லது. வாயத் தொறக்காத. அந்தச் செவுத்தப் பாத்துதான்டா மெட்ராஸ் கம்பெனிக்காரன் எனக்கு ஏஜென்சி குடுத்தான். சங்கு தப்பா ஊதினதால வந்த சாதனைன்னு தெரிஞ்சா ஊரே சிரிப்பா சிரிக்கும்."

"அப்ப சரியானத எழுதுவோம் முதலாளி. ஒரு மணி நாப்பத்தேழு. அதான் நெசம். அத எந்தக் கொம்பனும் ஓட்டினதில்ல."

"ஒம்போது நிமிசத்த ஜாஸ்தியாக்கி எவனாவது செவுத்துல எழுதுவானாடா? அத சாதனைன்னு எவன் ஒத்துக்குவான்?" ராஜாங்கம் யோசித்தார். திடீரென்று அவர் முகம் தெளிந்தது. கடிகாரத்தை எடுத்து, சாவியைத் திருகினார். முள் பின்னால் நகர்ந்தது. "இந்தா. ஏழு முப்பத்தேழு. நீ சொன்ன மாதிரியே வந்துட்ட. ஒரு நிமிசம் கம்மியாவே வந்துட்ட. பனியன் ஒனக்குதான். அறிவுக்கு நான் சொல்லிக்கிறன். போதுமா?"

போதுமா? அவன் கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது. பனியன், சம்பளம், சுவர், எல்லாமே. அவர் பாசத்தோடுதான் சிரித்தார். சுப்புராயன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்று முன்னால் அணைக்கரையில் தன் விரல் செய்யாததை அவர் விரல் இவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டது.

"முதலாளி, அன்னிக்கி ஓட்டினத சங்கு எடுத்துக்கிச்சி. போவட்டும். இன்னிக்கி ஓட்டினத நீங்க எடுத்துக்கிறீங்களா?"

"இன்னாடா பேசற?"

"என் பொறப்புலயே நான் வேகமா ஓட்டினது இன்னிக்கிதான். அத ஒருத்தரும் பாக்கல. இந்த முள்ளு ஒண்ணுதான் பாத்துது. அதையும் திருப்பிட்டீங்களே!"

அவன் குரல் உயர்ந்துவிட்டது. ராஜாங்கத்துக்கு எதிரில் அவன் குரல் உயர்ந்ததே இல்லை. கல்லா மேலிருந்த கடிகாரத்தை எடுத்தான். சாவியைத் திருகி முள்ளை மறுபடி நாற்பத்தேழில் வைத்தான். அதைக் கல்லா மேலேயே திரும்ப வைத்தான். சைக்கிள் கடைக்குச் சொந்தமானது. அதைச் சுவரோரம் சாய்த்து நிறுத்திவிட்டு ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே வந்தான். "டேய் சுப்பு, பைத்தியக்காரா!" என்று ராஜாங்கம் கத்தியது தெருமுனைவரைக்கும் கேட்டது.

நடந்து வருகிற புருஷனைத் தங்கமணி வாசலிலிருந்தே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் நடந்து வீட்டுக்கு வந்து அவள் பார்த்ததில்லை.

"சைக்கிள் எங்க?"

"கடையில."

"தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சிட்டன்."

"ஜெயிச்சவன் மூஞ்சா இது?" என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒரு தடவை கேட்டாள், புரியாமல் இன்னொரு தடவை கேட்டாள், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "முள்ளத் திருப்பிக் குடுத்தாரு, வாங்கிக்கினு வர வேண்டியதுதான? ஒன்னு நாப்பத்தேழோ இன்னாவோ, அது சோறு போடுமா?" போடாதுதான். அவனுக்குத் தெரியாதா? அதற்காகத்தான் அவனுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் கால் உச்சத்தில் இருப்பது இப்போதுதான், இதைச் சொன்னால் நம்புவதற்கு இந்த ஊரில் ஒருவருமில்லை. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் மறியல் முடிந்தது. மரங்களை இழுத்து ஓரம் தள்ளினார்கள், முதல் பஸ் போனது. அதற்கு மறுநாள் காலை, இருட்டு முழுசாய்ப் பிரியாத நேரம், ஆலைச் சங்கு ஊதியது. நீளமாக, பழையபடியே. தெருவில் எங்கும் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாட்ச் முள்ளைத் திருப்பி வைத்திருப்பார்கள்.

நடவுக்குப் போக வேண்டிய தங்கமணி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "ஐயையோ, ஆறாயிடுச்சி!"

"இல்ல" என்றான் சுப்புராயன். அவன் எப்போதோ எழுந்திருந்தான். மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த பழைய கேரியர் சைக்கிளைக் கொல்லையிலிருந்து உருட்டி வந்து வாசலில் போட்டிருந்தான். அவள் புல் கட்டிக்கொண்டு வருகிற சைக்கிள். "அஞ்சே முக்கால்தான்."

"ஊருக்கே ஆறு. ஒங்களுக்கு மட்டும் அஞ்சே முக்காலா?"

"ஆமா. எனக்கு இன்னும் கால் மணி இருக்குது."

அவள் சைக்கிளைப் பார்த்தாள். அதன் துருவைப் பார்த்தாள். "இந்த ஓட்டையில ஏறிப் போயி அந்தப் பையன ஜெயிக்கப் போறீங்களா?"

"காந்தி ஜெயந்தி அன்னிக்கி ஜீப்பு வரும். ஒரே வாட்ச்சு. கெளம்பறப்பவும் அதுதான், முடிக்கறப்பவும் அதுதான்" என்றான். பின்சக்கரம் பாதிதான் நிறைந்திருந்தது. குனிந்து மறுபடி காற்றடிக்க ஆரம்பித்தான்.